கப்பலுக்கு எந்தக் கத்தி?

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவரின் மருமகன் என்னை ஓரமாக அழைத்தார். "சார், டிசம்பர் லீவில் குடும்பத்தோடு கப்பல் பயணம் போகிறோம். கூடவே வைத்துக்கொள்ள நல்ல மடக்குக் கத்தி ஒன்று வாங்க வேண்டும். நீங்கள் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். இது எப்படி, பாருங்கள்" என்று கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். ஐந்து அங்குல அலகு. கறுப்புப் பூச்சு. முதுகில் ரம்பப் பல். பட்டனைத் தட்டினால் ஸ்பிரிங் வேகத்தில் அலகு வெளியே பாயும்.

"தம்பி, நீங்கள் கப்பலில் போகப் போகிறீர்களா, கப்பலைப் பிடிக்கப் போகிறீர்களா?" என்றேன். அவர் சிரித்தார். மேற்கொண்டு சொல்வதற்குள் அவருடைய குழந்தை காபி தம்ளரைக் கவிழ்த்துவிட, பேச்சு அத்தோடு நின்றது. 2021 முதல் மும்பைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பல் கோவா, லட்சத்தீவு என்று போய் வருவதால், நம் குடும்பங்களிலும் மணிவிழா, கல்யாண நாள் என்றால் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கும் வழக்கம் வந்துவிட்டது. ஆகவே அவருக்குச் சொல்ல நினைத்ததை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் கட்சி இதுதான். கப்பலுக்குக் கத்தி கொண்டு போகலாம். ஆனால் அலகு இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். பட்டன் வேண்டாம். தொலைந்தால் மனசு ஆறாத கத்தி வேண்டவே வேண்டாம். இந்தக் கடைசி விஷயத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கத்தி செலவாயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

"கப்பலில்தான் எல்லாம் இருக்கிறதே, கத்தி எதற்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். பெட்டியின் ஜிப்பில் போட்ட பிளாஸ்டிக் பட்டையை அறைக்குள் போனதும் எதனால் வெட்டுவது? எனக்கு நாளுக்கு ஆறு மாத்திரை, மனைவிக்கு நாலு. அந்த அட்டைகளில் சில, நகத்துக்கு மசியாது. கடையில் வாங்கிய புளிக்காய்ச்சல் பாக்கெட், பேத்தியின் புதுச் சட்டையில் தொங்கும் விலைச்சீட்டு, செருப்பு வாரில் பிரிந்த நூல், இரவில் அறையில் சாப்பிட எடுத்துவைத்த ஆப்பிள். (வீட்டில் செய்த புளியோதரையைப் பல கப்பல்களில் ஏற்ற விடமாட்டார்கள். சீல் உடைக்காத பாக்கெட் என்றால் பெரும்பாலும் தடை சொல்வதில்லை.) இத்தனையிலும் ஆப்பிளைத் தவிர மற்றதெல்லாம் கத்திரிக்கோல் வேலை. கத்தி வாங்கப் போகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. அலகை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கிறோம்.

அடுத்தது சட்டம். விமானத்துக்கும் கப்பலுக்கும் ஒரே விதி என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் நாட்டு விமானங்களில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. சரக்கோடு போகும் பெரிய பெட்டியில் போட்டுவிட்டால் தொல்லை இல்லை, ஏனென்றால் அந்தப் பெட்டி இறங்கும் வரை உங்கள் கைக்கு வராது. கப்பலில் நீங்கள் ஒப்படைக்கும் பெட்டி சாயங்காலத்துக்குள் உங்கள் அறை வாசலுக்கே வந்துவிடும். அதனால் அங்கே பெரிய பெட்டியையும் எக்ஸ்ரேயில் விட்டு, கைப்பைக்கு உள்ள அதே கண்ணோடுதான் பார்ப்பார்கள். வழியில் ஒரு துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றிவிட்டு ஏறினாலும் மறுபடி எக்ஸ்ரே உண்டு.

அளவு கப்பலுக்குக் கப்பல் மாறும். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் சில, அலகு 4 அங்குலத்துக்குள் இருந்தால் விடுகின்றன. வேறு சிலவற்றில் எந்த அளவானாலும் கத்தி கூடாது, வாங்கி வைத்துக்கொண்டு பயணம் முடியும்போது கொடுப்பார்கள். டிக்கெட் எடுத்ததும் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு, பதிலைக் காகிதத்தில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை என்பது ரயில்வேயில் முதல் பாடம்.

கரையில் இறங்கினால் அந்தந்த ஊர்ச் சட்டம். பிரிட்டனில் பட்டன் கத்திக்கு 1959-லேயே தடை போட்டுவிட்டார்கள். அங்கே காரணம் சொல்லாமல் பையில் வைத்துக்கொள்ளக்கூடியது, 3 அங்குலத்துக்கு மேற்படாத, விரித்தால் பூட்டிக்கொள்ளாத மடக்குக் கத்தி மட்டும். நம் தில்லியில் 1980-ல் வந்த அறிவிக்கைப்படி, பட்டனாலோ வேறு பொறியாலோ திறக்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிவிட்டால் ஆயுதச் சட்டத்துக்குள் வந்துவிடும். 7.62 என்பது சரியாக 3 அங்குலம். மெட்ரிக் முறை வந்து இருபது வருஷம் ஆன பிறகும் அறிவிக்கை எழுதியவர் மேஜையில் அங்குல ஸ்கேல்தான் இருந்திருக்கிறது! இன்னொரு கணக்கும் உண்டு. ஐரோப்பிய விமான நிலையங்களில் 6 செ.மீ.க்கு மேல் அலகு உள்ள கத்திதான் கைப்பையில் தடை. அமெரிக்காவும் 2013 மார்ச்சில் அதே போல் தளர்த்தப்போவதாக அறிவித்தது. விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்க்க, ஜூன் மாதமே கைவிட்டுவிட்டது. 4 அங்குலம், 3 அங்குலம், 6 செ.மீ. என்று இத்தனை கோடுகளுக்கும் கீழே நின்றால் பேச்சே இல்லை. அதனால்தான் இரண்டு அங்குலம் என்கிறேன்.

இனி எஃகு. இதுதான் எனக்குத் தெரிந்த இடம், கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளவும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்கிறோம். நம் வீட்டு எவர்சில்வர் கரண்டியில் குரோமியம் 18 சதம், நிக்கல் 8 சதம். குரோமியம் காற்றுப் பட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றைப் போட்டுக்கொள்கிறது. அந்தத் தோல்தான் காவல். ஆனால் கரண்டிக்குக் கூர் நிற்காது. கத்திக்குக் கடினம் வேண்டும், அதற்குக் கார்பன் வேண்டும். சுவிஸ் கத்தியில் கார்பன் சுமார் அரை சதம், குரோமியம் சுமார் 15 சதம். அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு கட்டிப் போட்டுவிடுவதால் காவலுக்கு நிற்கும் குரோமியம் குறைகிறது. போதாததற்குக் கடல் காற்றில் இருக்கும் உப்பு அந்தத் தோலை ஊசி முனை அளவில் அங்கங்கே துளைக்கும். ஆகவே கரண்டி தாங்குவதைக் கத்தி தாங்காது.

அதிலும் துரு முதலில் பிடிப்பது பளபளக்கும் அலகில் இல்லை. கீல் ஆணியைச் சுற்றியுள்ள சந்தில். பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளை ஒர்க்‌ஷாப்பில் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெளியே சுவர் பெயின்ட் கலையாமல் இருக்கும். கழிவறை ஓரத்தில் தரைத்தகடும் சுவரும் சேரும் மூலையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போய்விடும். தண்ணீர் நின்று காயாத இடம் அது. மடக்குக் கத்தியின் கீலும் அப்படித்தான். கடற்கரையில் உபயோகித்தால் அன்று இரவே நல்ல தண்ணீரில் அலசி, விரித்து வைத்துக் காயவிட்டு, கீலில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். பழம் நறுக்கும் முன் அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் சிக்குப் பிடித்துக் கத்தி திறக்க வராது.

எதை வாங்குவது என்று கேட்டால், சுவிஸ் நாட்டு விக்டோரினாக்ஸில் உள்ள மிகச் சிறியதைச் சொல்வேன். மடக்கினால் 58 மி.மீ., அலகு ஒன்றரை அங்குலம், எடை சுமார் 20 கிராம். கத்திரிக்கோல், நகம் ராவும் அரம், முள் எடுக்கும் இடுக்கி எல்லாம் அதிலேயே உண்டு. கார்ல் எல்சனர் 1884-ல் தொடங்கிய பட்டறை அது. 2001 செப்டம்பருக்குப் பிறகு விமான நிலையக் கடைகளில் கத்தி விற்க முடியாமல் போய் ரொம்பவும் அடிபட்டார்கள். 2024-ல், அலகே இல்லாத பைக்கருவி ஒன்றைச் செய்து பார்ப்பதாக அறிவித்தார்கள். கத்திக்காரனையே அந்த நிலைக்குக் கொண்டு வந்துவிட்டது உலகம். பிரான்சின் ஓபினெல் கத்தி பழம் நறுக்க அருமையானது, மரப்பிடி கையில் உட்காரும். ஆனால் 6-ஆம் நம்பரிலேயே அலகு 7 செ.மீ. அதில் கத்திரிக்கோலும் கிடையாது. வீட்டுக்கு வாங்குங்கள்.

இப்போது என் கத்தி. 1991-ல் எங்கள் செக்‌ஷனில் ஓய்வு பெற்ற மராட்டிய மிஸ்திரி ஒருவர் எனக்குச் செய்து கொடுத்தது. உடைந்த பவர் ஹாக்ஸா பிளேடை அரைத்து அலகு, பக்கங்களுக்குப் பித்தளைத் தகடு, பிடிக்குப் பழைய பெட்டி இருக்கையில் மிஞ்சிய தேக்கு. (தணிக்கைக்காரர்கள் மன்னிக்க வேண்டும், எல்லாம் ஸ்கிராப்.) மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து மூன்று மாதம் ராவியிருக்கிறார். டிப்ளமா முடித்துவிட்டு வந்த எனக்கு, காதால் கேட்டே பேரிங் கெட்டுப்போனதைச் சொல்லக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் கத்தி 32 வருஷம் என் பையில் இருந்தது. என் பெண் பள்ளிக்கூடம் போன நாளில் அதில்தான் பென்சில் சீவிக்கொடுப்பேன்.

2023-ல் அதே பெண் எங்களைக் கப்பலில் அழைத்துப் போனாள். எந்தக் கப்பல், எந்த ஊர் என்பது வேண்டாம். தவறு முழுக்க என்னுடையது. அலகு மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல்; அந்தக் கப்பலில் 4 அங்குலம் வரை விட்டார்கள். அளந்து பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். நாலாம் நாளே அலகில் காபிப்பொடி தூவினாற்போல் துரு. ஹாக்ஸா பிளேடு எஃகு ஸ்டெயின்லெஸ் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எடுத்துப் போனேன்.

இறங்கும் நாளுக்கு முந்தைய இரவே பெரிய பெட்டிகளைப் பூட்டி அறை வாசலில் வைத்துவிடச் சொல்வார்கள். அவர்களே கரைக்கு இறக்கிவிடுவார்கள். நாங்களும் வைத்தோம். காலையில் மாத்திரை அட்டை கிழிக்க வேண்டுமே என்று கத்தியை மட்டும் தோள்பையில் வைத்துக்கொண்டேன். காலையில் அட்டையைக் கிழித்தேன். கரையில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு நேரே விமான நிலையம். பெட்டிகளைச் சரக்கில் போட்டாயிற்று. கத்தி தோள்பையிலேயே இருந்தது.

சோதனையில் இருந்தது ஒரு சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். திரும்பிப் போய்ச் சரக்கில் போடலாம், அல்லது இந்தத் தொட்டியில் போடலாம் என்றான். திரும்பிப் போக நேரம் இல்லை. "அப்பா, வேறு வழியில்லை" என்றாள் மகள். போட்டேன். பித்தளை பட்டு டங் என்று ஒரு சத்தம் வந்தது. விமானத்தில் என் மனைவி வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மிஸ்திரி இருந்திருந்தால் உங்களைத் திட்டியிருப்பார்" என்றாள்.

ஆகவே கப்பலின் கடைசி இரவு, பெட்டியைப் பூட்டுவதற்கு முன் கத்தியை உள்ளே போடுங்கள். மறுநாள் காலை மாத்திரைகளை அப்போதே பிரித்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்பா கொடுத்தது, குருநாதர் கொடுத்தது, பெயர் பொறித்தது எதுவானாலும் வீட்டு மேஜை அறையிலேயே இருக்கட்டும்.

நண்பரின் மருமகன் அந்தப் பட்டன் கத்திக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்று கேள்விப்பட்டேன். அடுத்த கூட்டத்துக்கு என்னிடம் இப்போது இருக்கும் சின்னக் கத்தியைக் கொண்டு வருகிறேன். அவர் கையில் பிடித்து, ஒரு மாத்திரை அட்டையை வெட்டிப் பார்க்கலாம்.