பக்கத்து சீட்

லண்டனில் கிரீனிச் என்று ஓர் இடம். தேம்ஸ் கரையில் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த அரண்மனை மாதிரி கட்டடம். ராயல் ஹாஸ்பிட்டல் என்று பேர். அடிபட்ட, வயசான கடற்படை வீரர்கள் 1705 முதல் அங்கே தங்கினார்கள். 1814-ல் சுமார் 2,700 பேர்! 1869-ல் மூடிவிட்டார்கள். 1873-ல் அதே இடம், கடற்படை அதிகாரிகள் தங்கிப் படிக்கும் ராயல் நேவல் காலேஜ் ஆனது. 1998 வரை நடந்தது. அதாவது, புயலோடு மல்லுக்கட்டியவர்கள் காலி செய்து நாலு வருஷம் கழித்து, பாடம் படிப்பவர்கள் வந்தார்கள்!

சிரிக்காதீர்கள். நான் முன்பு குப்பை கொட்டிய ஆபீஸிலும் இதே கதைதான். ஹெட்கிளார்க்குக்கு மாலை போட்டு அனுப்பிய மறுமாதமே எங்களுக்குத் திருத்தணியில் தங்கிப் படிக்கும் பயிற்சி. மூன்று நாளும் ஸ்லைடு, சமோசா. கடைசி நாள் சாயங்காலம் மலைக்கோயில் படியேறினால், எதிரே அவர்!

"கணக்கு இடிச்சா, வித்தியாசத்தை 9-ஆல வகுத்துப் பாருப்பா. மீதியில்லாம வகுபட்டா, எங்கேயோ 54-ஐ 45-னு மாத்தி எழுதியிருப்பே."

மூன்று நாளில் வராதது ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது.

"இதை ஏன் சார் அப்பவே சொல்லலை?"

"அஞ்சு வருஷம் பக்கத்து சீட்ல இருந்தியே, ஒருநாளாவது கேட்டியா?"

365 படியில் மிச்சத்தை ஏற ரொம்பவே மூச்சு வாங்கியது.