முத்தத்தில் உப்பு கரித்தால் கவனிங்க... குழந்தையின் நுரையீரலில் குடியேறும் பிடிவாதக் கிருமி!

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயலில் உப்புக்கு என்ன பஞ்சம்? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளங்கள். இங்கே ஒரு அம்மா குழந்தையின் நெற்றியில் முத்தம் கொடுக்கும்போது உதட்டில் உப்பு கரித்தால், 'கடக்காத்துதானே'னு துடைச்சுவிட்டுப் போயிடுவாங்க. ஆனால், 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' என்ற மரபணு நோய்க்கு முதல் தடயமே அந்த உப்புதான்.

செல்களில் உப்பையும் நீரையும் சீராக வைக்கும் ஒரு மரபணு பழுதாவதால் வரும் நோய் இது. வியர்வையில் உப்பு ஏறும். நுரையீரலில் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். அதனால், சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். நம் ஊரில் ஓயாத இருமல், ஏறாத எடை என்றால் முதலில் சந்தேகம் போவது காசநோய் மீதுதான். வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டால், விஷயம் வேறு.

அந்தக் கெட்டிச் சளியில் குடியேறக் காத்திருக்கும் கிருமியின் பெயர் சூடோமோனாஸ். தண்ணீர், ஈரமண், பாத்திரம் கழுவும் தொட்டி என எங்கும் இருக்கும். ஆரோக்கியமான நுரையீரலை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. இந்தக் குழந்தைகளிடமோ முதலில் விருந்தாளியாக வந்து, பிறகு தன்னைச் சுற்றி வழவழப்பான கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். விருந்தாளியாக இருக்கும்போதே பிடித்துவிட்டால், டோப்ராமைசின் மருந்தை நெபுலைசரில் தினமும் இரண்டு வேளை, 28 நாள் கொடுத்தே பெரும்பாலான குழந்தைகளிடமிருந்து விரட்டிடலாம். கோட்டை எழுந்துவிட்டால், அடக்கி வைக்க மட்டும்தான் முடியும். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் நெபுலைசர் மருந்து, நோய் முற்றும்போதெல்லாம் இரண்டு வாரம் நரம்பு வழி ஊசி என வாழ்க்கை ஓடும். அதனால்தான் குழந்தை நல்லா ஓடியாடினாலும் மூணு மாசத்துக்கு ஒருமுறை சளியையோ, தொண்டையில் பஞ்சுக்குச்சி வைத்து எடுத்ததையோ கல்ச்சர் செய்யச் சொல்கிறார்கள்.

உப்பே மருந்தான கதையும் உண்டு. அலைச்சறுக்கு விளையாடிய நோயாளிகளின் நுரையீரல் நன்றாக இருப்பதை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் கவனித்தார்கள். அடர் உப்புநீரை ஆவியாக இழுத்தால் சளி இளகுகிறது என 2006-ல் ஆய்வுகளும் வந்தன. இதைப் படிச்சுட்டு கடல் தண்ணியை நெபுலைசர்ல ஊத்திடாதீங்க. அது கிருமி நீக்கிய மருந்து.

இப்போது செய்திகளில் அடிபடுவது 'ட்ரைகாஃப்டா' மாத்திரை. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே ஓராண்டு விலை 3 லட்சம் டாலருக்கு மேல். நம் தேசிய அரிய நோய்க் கொள்கையின் உதவியோ அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய். 2023-ல் இந்தியா உட்பட நான்கு நாடுகளில் நோயாளிக் குடும்பங்கள் விலைக்கும் காப்புரிமைக்கும் எதிராகக் களமிறங்கின. குழந்தைக்கு ஆண்டுக்கு 6,375 டாலரில் இதே மருந்தைத் தரப்போவதாக 2025-ல் அறிவித்தது வங்கதேசத்தின் பெக்ஸிம்கோ. ஒரு மீனவர் வீட்டுக்கு அதுவுமே மலைப்பான தொகைதான். எல்லா மரபணு மாற்றத்துக்கும் அது வேலை செய்யாது, வேரூன்றிய சூடோமோனாஸும் பலரிடம் அந்த மாத்திரையால் முழுசா ஒழிவதில்லை.

கோடிகளைப் பற்றிய சண்டை நடக்கட்டும், நடக்கணும். ஆனால் வியர்வைப் பரிசோதனை, மூன்று மாத கல்ச்சர், அந்த 28 நாள் மருந்து ஆகியவை திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் சுலபமாகக் கிடைப்பதுதான் இங்குள்ள குழந்தைக்கு அவசரம். இந்த நோய்க்கெனத் தனி கிளினிக் நடத்தும் வேலூர் சி.எம்.சி, புன்னக்காயலிலிருந்து 500 கி.மீ-க்கும் மேல். மாதத்துக்கு நாலு நாள் கடலுக்குப் போகாமல் அந்த ரயிலில் யாரால் ஏற முடியும்?