கூட்டவா, கழிக்கவா?



பெரியநீலாவணையிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும், எங்களோடு வெண்கட்டி பிடிக்கும் சக ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறோம். எழுதும் கை ஒன்றுதான். ஆனால் ஒரே பாடசாலையில் கணிதம் எடுக்கும் மூன்று பேர் பேசிப் பேசி வந்து சேர்ந்த இடம் இது. கொஞ்சம் நீளம். சிலருக்குக் கோபமும் வரும். முழுதாக வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன கிழமை தரம் 5 பிள்ளையின் உம்மா ஒருவர் பாடசாலைக்கு வந்தார். "சேர், மத்தப் பிள்ளைகளெல்லாம் அறுபது பேப்பர் செய்து முடிச்சிட்டாம். எங்கட பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு கணக்குத்தான் செய்யிறானாம். இப்பிடிப் போனா வெட்டுப்புள்ளி எப்பிடி எடுக்கிற?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. பெறுபேறு வந்த மறுநாள் சந்தியில் பெனர் கட்டுகிறோம். பெனரில் இல்லாத பிள்ளை அந்த வழியால் தலையைக் குனிந்துகொண்டு போகிறது. அந்தப் பயத்தோடு வந்த தாய்க்கு அன்று எங்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறோம்.

வசனக் கணக்கு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். கடைசிச் சொல்லை எழுதி முடிக்கும் முன்பே பின் வாங்கிலிலிருந்து ஒரு குரல் வரும்: "சேர், இது கூட்டவா, கழிக்கவா?" கணக்கில் யார் இருக்கிறார், என்ன நடந்தது, எதைக் கேட்கிறார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்பதில்லை. இந்தக் கேள்வியைப் பிள்ளைகளுக்குப் பழக்கியது யார்? நாங்கள்தான். ஆசிரியர்களாகிய நாங்களும் டியூசன் வகுப்புகளும் சேர்ந்து பழக்கினோம்.

பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் பெட்டி போட்டு ஒரு அட்டவணை இருக்கும். மொத்தம், எல்லாமாக, கூடுதல் என்று வந்தால் கூட்டு. மீதி, எஞ்சியது, வித்தியாசம் என்றால் கழி. தலா, வீதம், மடங்கு என்றால் பெருக்கு. சமமாக, பங்கிட்டு என்றால் வகு. இதற்குப் பெயர் 'சுருக்க முறை'. வசனத்தை வாசிக்கத் தேவையில்லை. சொல்லைத் தேடு, இலக்கத்தைப் பொறுக்கு, செய்கையைப் போடு, அவ்வளவுதான்.

இந்த அட்டவணையை நாங்களும் ஒரு காலம் எழுதிக் கொடுத்தவர்கள்தான். கல்வியியற் கல்லூரியில் ஜோர்ஜ் போல்யா என்ற ஹங்கேரிய கணித அறிஞரைப் படித்தோம். பிரசினம் தீர்ப்பது பற்றி 1945இல் அவர் வெளியிட்ட நூலில் நான்கு படிகள் சொல்கிறார்: விளங்கிக்கொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். பரீட்சைக்கு அதைப் பாடமாக்கிப் புள்ளியும் எடுத்தோம். வகுப்புக்கு வந்ததும் முதலாம் படியையும் நான்காம் படியையும் கழற்றி வைத்துவிட்டோம். நேரமில்லையாம்.

இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். நஸீராவிடம் 24 மாங்காய் இருக்கிறது. அது றஹீமிடம் இருப்பதை விட 8 கூடுதல். றஹீமிடம் எத்தனை?

எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 32 என்று எழுதினார்கள். 'கூடுதல்' கண்ணில் பட்டது, கூட்டினார்கள். அட்டவணைப்படி செய்த கெட்டிக்காரப் பிள்ளைகள் அவர்கள். "யாரிடம் மாங்காய் கூட?" என்று கேட்டோம். "நஸீராட்ட" என்று எல்லோரும் சொன்னார்கள். "அப்ப நஸீராட்ட 24 இருக்கக்கொள்ள றஹீமிட்ட எப்பிடி 32?" என்றதும் வகுப்பே சிரித்தது. ஒருவரும் மறுபடி விளக்கச் சொல்லவில்லை. அழிறப்பரை எடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கழிக்கத் தெரியாமல் இல்லை. வாசித்ததைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவர ஒருவரும் அவர்களை விடவில்லை, அவ்வளவுதான்.

இது எங்கள் ஊர் நோய் மட்டுமில்லை. பிரான்சின் கிறனோபிள் நகரில் 1980 அளவில் கணித ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். கப்பலில் 26 செம்மறியும் 10 வெள்ளாடும் இருக்கின்றன, கப்டனின் வயது என்ன? கேட்கப்பட்ட 97 பிள்ளைகளில் 76 பேர் ஒரு வயதைக் கணக்குப் பண்ணிக் கொடுத்தார்கள். நாங்களும் கப்பலைத் தோணியாக்கிக் கேட்டுப் பார்த்தோம். 36, 36, 36 என்று கொப்பிகள் வந்தன. ஒரு பிள்ளை மட்டும், "வாப்பாட தோணியில ஆடு ஏத்திறல்லயே சேர்" என்றாள். மனம் குளிர்ந்தது. அவளும் கடைசியில் 36 என்றுதான் எழுதியிருந்தாள்.

அமெரிக்காவில் 1980களின் ஆரம்பத்தில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு தேசிய மட்டப் பரீட்சையொன்றில் வந்த கணக்கு: 1,128 படையினர், ஒரு பஸ்ஸில் 36 பேர் போகலாம், எத்தனை பஸ் தேவை? பத்தில் ஏழு பேர் அளவில் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் 32 என்ற சரியான விடையைக் கொடுத்தவர்கள் 23 வீதம்தான். 29 வீதமானோர் '31 மீதி 12' என்று எழுதினார்கள். மீதி பஸ் என்று ஒன்று எந்த டிப்போவில் கிடைக்கும்? நாளை எங்கள் பிள்ளை ஒன்று சுற்றுலாவுக்கு பஸ் பேசப் போனால் 12 பேரைச் சந்தியில் விட்டுவிட்டுப் போகுமா? போகாது. கடையில் நிற்கும் பிள்ளை ஆயிரம் ரூபாத் தாளுக்கு ஒரு சதம் பிழையாமல் மிச்சக் காசு கொடுக்கிறது. அதே பிள்ளைதான் பாடசாலைக்கு வந்ததும் கொள்விலை எது, விற்ற விலை எது என்று தடுமாறுகிறது. பாடசாலைக் கணக்கில் மூளை தேவையில்லை என்று நாங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

மொழிப் பிரச்சினை ஒன்றும் இருக்கிறது, அதை ஒருவரும் பேசுவதில்லை. வீட்டில் பிள்ளை பேசுவது 'மிச்சம்', 'ஆளுக்கு', 'கூட', 'குறைய'. வினாத்தாளில் வருவது 'எஞ்சியது', 'தலா', 'அதிகம்'. எஞ்சியது என்றால் என்னவென்று தரம் 4இல் கேட்டுப் பார்த்தோம், அரைவாசி வகுப்பு மௌனம். தரம் 8இல் ஒரு பிள்ளை "ஒருவருக்கு 200 ரூபா வீதம் 15 பேருக்கு" என்பதை வாசித்துவிட்டு 200ஐ 100ஆல் வகுத்து வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. 'வீதம்' என்றால் நூற்றுக்கு இவ்வளவு என்று நாங்கள்தானே படிப்பித்தோம்? 'ஆளுக்கு இவ்வளவு' என்பதற்கும் அதே சொல்தான் என்று சொல்ல மறந்துவிட்டோம். தமிழ் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கணக்கின் தமிழும் தெரியும் என்று நினைத்துக்கொள்வது எங்கள் சோம்பல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விழா மேடைகளில் ஏறினால் அல்-குவாரிஸ்மியின் பெயரைச் சொல்லாமல் நாங்கள் இறங்குவதில்லை. 9ஆம் நூற்றாண்டு பக்தாத், அல்-ஜப்ர், முஸ்லிம்களின் கொடை என்று நீட்டி முழக்குகிறோம். அந்த நூலுக்குள் என்ன இருக்கிறது? முழுக்க வசனக் கணக்கு. நாங்கள் அதை 'அட்சரகணிதம்' என்கிறோம், அதிலே எக்ஸ் என்ற அட்சரமே கிடையாது. தெரியாத தொகைக்கு அவர் வைத்த பெயர் 'ஷைஉ', அதாவது 'ஒரு பொருள்'. இலக்கங்களைக் கூடச் சொல்லாகவே எழுதினார். நூலின் பெரும் பகுதி வாரிசுச் சொத்துப் பங்கீடு. மனிதர்களுக்கு இடையில் நடக்கும் வியாபாரம், வழக்கு, காணி அளத்தல் இவற்றுக்காகத்தான் எழுதுகிறேன் என்று அவரே முன்னுரையில் சொல்கிறார். அப்படிப் பிறந்த பாடத்தை, வசனத்தை வாசிக்காமலே விடை எடுக்கும் பாடமாக்கிவிட்டு மேடையில் பெருமை பேசுகிறோம். எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

சரி, ஒரு நாளைக்கு ஒரு கணக்கு வைத்து நாங்கள் என்னதான் செய்கிறோம்? ஒரு பாடவேளை. முதலில் இலக்கங்களை மறைத்துவிட்டு கதையை மட்டும் சொல்கிறோம். ஒரு வியாபாரி கொஞ்சம் மாங்காய் வாங்கினார், கொஞ்சம் அழுகிவிட்டது, மிச்சத்தை விற்றார். இதில் என்னென்ன கேட்கலாம் என்று பிள்ளைகள்தான் சொல்ல வேண்டும். இலக்கம் இல்லாததால் பொறுக்க ஒன்றுமில்லை, யோசித்தே ஆக வேண்டும். பிறகு ஒரு பிள்ளை எழும்பி அதே கதையை வீட்டுப் பேச்சில் சொல்லும். அதன் பிறகுதான் இலக்கங்களைக் கொடுக்கிறோம். படம் கீறுகிறார்கள். விடை ஏறத்தாழ எவ்வளவு வரும் என்று முதலில் ஊகித்து எழுதுகிறார்கள். செய்கை கடைசி ஐந்து நிமிடம். வந்த விடையைக் கதைக்குள் திரும்பப் போட்டு, இப்படி நடக்குமா என்று பார்க்கிறார்கள்.

முதல் இரண்டு கிழமையும் வகுப்பு சந்தைதான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை, தவணைப் பரீட்சையில் புள்ளி பாய்ந்து ஏறவும் இல்லை. இன்னும் 32 எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எழுதிவிட்டுத் தாங்களே அழிக்கிறார்கள். இது முன்பு இருக்கவில்லை.

பரீட்சை தலைக்கு மேல் இருக்க இதற்கெல்லாம் நேரமா என்பவர்களுக்கு ஒன்று கேட்கிறோம். அறுபது பேப்பர் செய்து வெட்டுப்புள்ளி எடுத்த பிள்ளைகளில் எத்தனை பேர் சாதாரண தரத்தில் கணிதத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று உங்கள் ஒழுங்கையிலேயே எண்ணிப் பாருங்கள். சாதாரண தரக் கணித வினாத்தாள் 2இல் 12 வினாக்களில் 10க்கு விடை எழுத வேண்டும். வரி, கூட்டு வட்டி, பங்குச் சந்தை, நிகழ்தகவு என்று ஒவ்வொன்றும் ஒரு கதை. அங்கே அந்த அட்டவணை செல்லாது. தரம் 5இல் குறுக்கு வழியால் கூட்டிப்போன பிள்ளையைத் தரம் 11இல் நடுக்காட்டில் விட்டுவிடுகிறோம்.

டியூசன் நடத்தும் சகோதரர்களின் வயிற்றில் அடிக்க நாங்கள் வரவில்லை. ஒரு மண்டபத்தில் நூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் கதையையும் கேட்க ஏலாது என்பது எங்களுக்கும் தெரியும். அந்த அட்டவணையையாவது கிழித்துவிடுங்கள். தவணைப் பரீட்சைக்கு வினா எழுதும் ஆசிரியர்களும், சொல்லைப் பார்த்தே விடை வரும் வினாக்களை எழுதுவதை நிறுத்துங்கள். அப்படி வினா வரும் வரைக்கும் அட்டவணைதான் வெல்லும்.

அந்த உம்மாவுக்கும் மற்றப் பெற்றோருக்கும்: பிள்ளை வீட்டுக்கு வந்தால் எத்தனை பேப்பர் செய்தாய், எத்தனை புள்ளி எடுத்தாய் என்று கேட்காதீர்கள். "இன்டைக்கு என்ன கணக்கு, கதையைச் சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்குக் கணிதம் தெரிய வேண்டியதில்லை. சொல்லும்போது பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் போதும். கடைக்குக் கூட்டிப் போங்கள். மின்சாரப் பட்டியலைக் கையில் கொடுங்கள். அரிசி மூடை எத்தனை நாளைக்குக் காணும் என்று அவர்களிடமே கேளுங்கள்.

நேற்று தரம் 8இல் பங்கீட்டுக் கணக்கு ஒன்று கொடுத்தோம். ஒருவர் மௌத்தாகிவிட்டார். வாரிசாக மனைவி, ஒரு மகன், ஒரு மகள் மட்டும். 24 இலட்சம் ரூபா இருக்கிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சத்தில் மகளுக்குக் கிடைப்பதைப் போல் இரண்டு பங்கு மகனுக்கு. ஆளுக்கு எவ்வளவு? மனைவிக்கு 3 இலட்சம் என்பது உடனே வந்தது. 'இரண்டு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு மிச்சம் 21ஐ இரண்டாகப் பிரித்தவர்களும் இருந்தார்கள். படம் கீறியவர்கள் மூன்று பெட்டி போட்டு 14, 7 என்று வந்தார்கள். பின் வாங்கில் ஒருவன் மட்டும் பேனையை எடுக்கவேயில்லை. என்ன என்று கேட்டோம்.

"மௌத்தானவருக்குக் கடன் ஒண்டும் இல்லையா சேர்? அதக் குடுத்துட்டுத்தானே பங்கு வைக்கணும்."

நாங்கள் அதைக் கணக்கில் எழுத மறந்திருந்தோம்.