செட்டிநாட்டுச் சமையலுக்கு யார் மதிப்பெண் போடுவது?

காரைக்குடிப் பகுதியின் வீட்டுச் சமையலில் நாக்குப் பழகியவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ ‘செட்டிநாடு’ என்று பெயர்ப்பலகை மாட்டிய உணவகத்தில் சாப்பிட்டு வந்தால் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்கிறார்கள்: காரம் இருக்கிறது, எண்ணெய் மிதக்கிறது, செட்டிநாடுதான் இல்லை. அதே மேசையில் அதே கோழிக் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவருக்கு இந்தப் புகார் விளங்குவதில்லை. ‘நன்றாக இருந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள்’ என்பார். ஒருவர் இலக்கணத்தை வைத்து அளக்கிறார். மற்றவர் நாவை வைத்து அளக்கிறார். இவர்கள் வாதம் முடியாமல் நீள்வதற்குக் காரணம், இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான். ‘இது அதுதானா’ என்பது ஒரு கேள்வி. ‘இது நன்றாக இருக்கிறதா’ என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு விதி வேண்டும், அதை எழுதியும் வைக்க வேண்டும். இரண்டாவது கேள்வியில் விதி சாட்சி சொல்லலாம். தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இந்த வழக்கை உலகில் மிக நுணுக்கமாக நடத்திப் பார்த்தவர்கள் பீர் பிரியர்கள். மதுவைப் பற்றிய நம் பத்திரிகைப் பேச்சு டாஸ்மாக் வருமானத்தோடும் குடும்பங்கள் சீரழிவதோடும் நின்றுவிடுகிறது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு என்றாலும், அந்தப் பக்கம் ஒரு பெரிய ரசனை விவாதம் நடந்துகொண்டிருப்பது நம் கண்ணில் படாமலே போகிறது. மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் (பாடகர் அல்ல) 1977-ல் உலக நாடுகளின் பீர்களை வகை பிரித்து ஒரு நூல் எழுதினார். 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஜே.சி.பி. என்ற நடுவர் அமைப்பு, ஒவ்வொரு வகைக்கும் மணம், நிறம், கசப்பு, போதை அளவு என்று விதித்தொகுப்பே வைத்திருக்கிறது. போட்டிக்கு வரும் பீருக்கு மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த மனப்பதிவுக்கு 10. குடித்தவருக்குப் பிடித்திருந்ததா என்பதற்கு அந்தக் கடைசிப் பத்தில்தான் இடம். மற்ற நாற்பதும், கொடுத்த பெயருக்குப் பொருந்துகிறதா என்பதையே பெரிதும் பார்க்கின்றன.

இது வறட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. பவேரியக் கோதுமை பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் இருந்தாக வேண்டும். அந்த வகைக்கே உரிய ஈஸ்ட் தருகிற வாசம் அது. அதே வாசம் பில்ஸ்னர் என்ற வகையில் எழுந்தால், நொதித்தலில் ஏதோ தவறிவிட்டது என்று அர்த்தம். அதாவது பெயரைத் தெரிந்துகொள்ளாமல் எது குணம், எது குற்றம் என்றே சொல்ல முடியாத இடங்கள் உண்டு. ‘எனக்குப் பிடித்தது, அவ்வளவுதான்’ என்பவர், வடிப்பவரின் கை தவறியதையும் அவர் வேண்டுமென்றே செய்ததையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார். செய்தவருக்கு அந்தப் பாராட்டால் ஒரு பயனும் இல்லை. அடுத்த முறை எதைத் திருத்துவது, எதை அப்படியே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியாது.

விதி தோற்ற இடமும் அதே உலகத்தில்தான் இருக்கிறது. இந்தியா பேல் ஏல் என்ற வகை தெளிவாக இருக்க வேண்டும் என்பதே விதியாக இருந்தது. கலங்கலாக இருந்தால் மதிப்பெண் குறைந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் சிலர் அதைக் கலங்கலாகவே, பழச்சாறு போல வடித்தார்கள். குடித்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். கடைசியில் விதி எழுதியவர்கள்தான் இறங்கி வந்தார்கள். அமெரிக்க வடிப்போர் சங்கம் 2018-ல் அதற்குத் தனி வகை கொடுத்தது, பி.ஜே.சி.பி.யின் 2021-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அது முறையான வகையாக ஏறிவிட்டது. நேற்றுவரை குற்றமாக இருந்தது இன்று இலக்கணம். நாவு முன்னே போனது, விதி பின்னால் வந்து பதிவு செய்தது. அந்தத் தொகுப்பை எழுதியவர்களே, இதைக் கறாரான வரையறையாகக் கொள்ள வேண்டாம், வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் முன்னுரையில் கேட்டுக்கொள்கிறார்கள். நூலைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் முன்னுரை படிப்பதில்லை என்பது எல்லா ஊருக்கும் பொது.

இப்போது காரைக்குடிக்கு வருவோம். செட்டிநாட்டு அடுப்படியில் எழுதப்படாத விதி ஏராளம். வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஓர் அளவு தலைதட்டி அளந்து, அதே பாத்திரத்தின் மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கும் அளவுக்குக் குவித்து, இரண்டையும் சேர்த்து ஊறவைப்பார்கள். வழுவழுப்பாக ஆட்டி, இட்லி மாவைப் போலப் புளிக்க விடாமல், எண்ணெயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி எடுப்பார்கள். உளுந்து குறைந்தால் பணியாரம் கடினமாகும். கூடினால் எண்ணெய் குடிக்கும். நிறம் சிவந்துவிட்டால் பெயரே பொருந்தாது. இதில் ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் சாப்பிடுகிறவரின் வாயில் போய்த்தான் முடிகிறது. பல தலைமுறை ஆச்சிகள் செய்து பார்த்து, கெட்டுப் பார்த்து, பிடித்ததைத் தக்கவைத்த கணக்கு அது. ஆகவே விதியும் ரசனையும் எதிரெதிர்க் கட்சிகள் என்று தொடங்குவதே பிழை. நல்ல விதி என்பது பலருடைய ரசனை சேர்ந்து கெட்டிப்பட்டது. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: மீறினால் வாயில் என்ன கெடும் என்று கேட்க வேண்டும். பதில் கிடைத்தால் அது விதி. ‘எங்கள் வீட்டில் அப்படித்தான்’ என்பது மட்டுமே பதிலானால் அது பழக்கம். பழக்கத்துக்கு மரியாதை தரலாம், மதிப்பெண் தர வேண்டியதில்லை.

நாவே நீதிபதி என்கிறவர்களின் வாதம் இங்கே ஒரு சிக்கலில் மாட்டுகிறது. அந்த நாவு எங்கே பழகியது? செட்டிநாடு என்ற பெயர், 1964-ல் சென்னையில் தொடங்கிய அஞ்சப்பர் போன்ற உணவகங்கள் வழியாகத்தான் தமிழ்நாட்டைத் தாண்டிப் பரவியது. வெளியூர்க்காரர்களுக்கு அந்தச் சமையலுக்கான கதவைத் திறந்தவர்கள் உணவகக்காரர்களே. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உணவகம் என்பது தனித்தனிப் பண்டமாக விற்கும் இடம். வீட்டு விருந்தின் இலையில் காரமான கோழி வறுவலும் உப்புக்கறியும் தனியாக வருவதில்லை. பக்கத்தில் அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துச் செய்த வெண்டைக்காய் மண்டி இருக்கும், பருப்பும் நெய்யும் இருக்கும், துவட்டல் இருக்கும், தயிர் வரும், கவுனி அரிசியோ பால் பணியாரமோ இனிப்பாக வரும். காரம் அந்த வரிசையில் ஓர் இடத்தில் வந்து போகிற விருந்தாளி. விலைப்பட்டியலில் ஏறும்போது மண்டிக்கு வாங்குவோர் இல்லை, கும்மாயம் என்ற இனிப்புக்கு வாங்குவோர் இல்லை. கோழியும் நண்டும் நின்றன. காரம் மட்டும் பிரிந்து வந்து மொத்தத்துக்கும் பெயர் ஆகிவிட்டது. அப்படிப் பழகிய நாவு, காரம் குறைந்த உண்மையான செட்டிநாட்டுக் குழம்பைச் ‘சப்பென்று இருக்கிறது’ என்று தள்ளும். அதைத் தனிப்பட்ட ரசனை என்று சொல்வது பாதி உண்மைதான். அதுவும் ஒரு விதித்தொகுப்பு, விலைப்பட்டியல் எழுதியது.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. செட்டிநாட்டுச் சமையலுக்கு இலக்கணம் எழுதுவதானால் அதன் அலகு மசாலாப் பட்டியலாக இருக்க முடியாது. இலையாகத்தான் இருக்க வேண்டும். கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் போட்டால் செட்டிநாடு என்று நினைக்கிறவர்கள், அவற்றைப் பொடியாக்கிப் பொட்டலத்தில் அடைத்து எந்த ஊரிலும் விற்கலாம், விற்கவும் செய்கிறார்கள். எதற்குப் பக்கத்தில் எது வருகிறது, எது எதைத் தணிக்கிறது, மசாலா வறுத்து அரைக்கப்பட்டதா பச்சையாக அரைக்கப்பட்டதா என்பவை பொட்டலத்தில் ஏறாத சங்கதிகள்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. மரபை எழுதிப் பூட்டிவிட்டால் அது செத்துவிடாதா? செட்டிநாட்டை வைத்து இதைக் கேட்பவர் பக்கம் வரலாறும் இருக்கிறது. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு; போர்ச்சுக்கீசியர் வருகைக்கு முன் இங்கே எந்த அடுப்பிலும் இல்லை. அன்னாசிப்பூ தென்சீனத்திலும் வியட்நாமிலும் விளைவது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் திருமண விருந்தில் இடம்பிடித்த கவுனி அரிசி, அவர்கள் வட்டித்தொழில் செய்த பர்மாவிலிருந்து வந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ் பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கைக்கு வந்து, பிறகு போரிலும் நாட்டுடைமையிலும் அத்தனையும் போனது. நிலம் போனாலும் அரிசி இலையில் தங்கிவிட்டது. 1850-ல் யாராவது உட்கார்ந்து செட்டிநாட்டு உணவுக்கு இறுதி இலக்கணம் எழுதியிருந்தால், இன்று மரபின் அடையாளமாகக் காட்டப்படும் சில பண்டங்கள் கலப்படம் என்று வெளியே நின்றிருக்கும். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வரலாறு விதியே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருத்த வழியில்லாத விதி வேண்டாம் என்றுதான் சொல்கிறது. கவுனி அரிசி இலையில் ஏறியபோது அதற்கும் ஒரு முறை உண்டானது: இரவு ஊறவைத்து, வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்ப்பது. வெளியிலிருந்து வந்த பொருளை உள்ளூர் ஒழுங்குக்குள் கொண்டுவந்துதான் செட்டிநாடு அதைத் தனதாக்கிக்கொண்டது.

பெயரைக் காப்பதும் ரசனையைச் சும்மா விடுவதும் ஒருசேர நடக்க முடியுமா என்று கேட்டால், தினமும் காலையில் நாம் குடிக்கும் காபியே பதில். உலகக் காபி நிபுணர்கள் 100 மதிப்பெண்ணுக்குச் சுவைத்துப் பார்த்து, 80 அல்லது அதற்கு மேல் வாங்கினால் சிறப்புக் காபி என்கிறார்கள். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் நடக்கும் அந்தச் சோதனையில் சிக்கரிக்கு இடமே இல்லை. அதற்காகக் கும்பகோணத்திலோ காரைக்குடியிலோ யாரும் சிக்கரியை விட்டுவிடவில்லை. டிகிரி காபியின் கெட்டித்தன்மைக்கும் நிறத்துக்கும் அது வேண்டும் என்கிறவர்களே அதிகம். நம் உணவுச் சட்டம் இதில் நடந்துகொண்ட விதம் பாராட்டத்தக்கது. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு காபி எவ்வளவு சிக்கரி என்று உறையில் அச்சிட வேண்டும். எது நல்ல காபி என்று அது சொல்லவில்லை. கையில் இருப்பது என்ன என்பதைச் சொல்லச் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ரசகுல்லா வழக்கும் அப்படித்தான் முடிந்தது. வங்காளத்து ரசகுல்லாவுக்கு 2017-லும் ஒடிசாவுடையதற்கு 2019-லும் தனித்தனியாகப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒன்று வெண்மை, பஞ்சு போன்றது. மற்றது பழுப்பு, மென்மை. எது ருசி என்று பதிவாளர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

காரைக்குடிக்கு இந்த வழி புதிதல்ல. கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டு பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது, பிறகு மணப்பாறை முறுக்குக்கும் வந்தது. ஒரு சமையல் முழுவதையும் இந்தச் சட்டகத்துக்குள் அடைக்கப் பார்ப்பது வீண் வேலை. வெள்ளைப் பணியாரம், கும்மாயம், மண்டி என்று ஒவ்வொன்றாக, காரணத்தோடு சேர்த்து எழுதிவைப்பது நடக்கிற காரியம். உளுந்துக் கோபுரம் விதியில் வரலாம். ஆட்டுக்கல்லா கிரைண்டரா என்பது வர வேண்டியதில்லை, மாவு வழுவழுப்பாக இருந்தால் போதும். ‘செட்டிநாடு’ என்று பலகை மாட்டும் உணவகம் தன் பட்டியலில் எது ஊர் முறை, எது தன் கைவண்ணம் என்று பிரித்துப் போட்டாலே பாதிச் சண்டை ஓயும். கைவண்ணம் என்று போட்ட குழம்பு அதிகம் விற்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

மிச்சம் நிற்பது யார் எழுதுவது என்ற கேள்வி. இதில்தான் எனக்குப் பயம் அதிகம். மீனாட்சி மெய்யப்பன் போன்றோர் காரைக்குடியில் உள்ள ‘பங்களா’ விடுதியின் சமையலை 2014-ல் ‘தி பங்களா டேபிள்’ என்று ஆங்கிலத்தில் நூலாக்கியது பெரிய உதவி. அது ஒரு வீட்டின் கை. எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் ஊருக்கு ஒரு கை உண்டு. பெரிய வீடுகளின் விருந்தைச் சமைத்தவர்களில் பலர் அந்த வீட்டுக்காரர்கள் அல்லர், சம்பளத்துக்கு வந்த சமையற்காரர்கள்; அவர்கள் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை. ஒரு சமூகத்தின் பெயரில் இருக்கிற சமையலை அந்தச் சமூகத்தின் பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து வரையறுத்தால், வரையறை கௌரவப் பட்டியலாகிவிடும். ஆகவே அந்தக் குழுவில் வீட்டில் சமைக்கும் ஆச்சி ஒருவர், கல்யாணச் சமையற்காரர் ஒருவர், உணவகத்துச் சமையற்காரர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தச் சமையலை இதற்கு முன் சாப்பிட்டே இராத வெளியூர்க்காரர் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும். பதினாறு வயதுவரை அம்மா கையில் சாப்பிட்ட பண்டத்தைச் சுவைக்கும்போது, அது நன்றாக இருக்கிறதா அல்லது பழகியதாக இருக்கிறதா என்று மற்ற மூவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.