மழைக்கால மலைநடை: இரு மூட்டைகள்

கண்டி நகருக்கு வடகிழக்கே விரிந்து கிடக்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரை மழைக்காலத்தில் நடந்து கடப்பது, இன்று கற்ற இளைஞரிடையே வீரச் செயலாகப் போற்றப்படுகின்றது. முதுகிலே பொதி, காலிலே சப்பாத்து, அட்டைக்கு உப்பு அல்லது சவர்க்காரம். இவையிருந்தாற் போதும் என்பது பலரின் எண்ணம். மழையிற் காணாதவர் முகிற்காட்டைக் கண்டவராகார் என்று அவர்கள் வாதிப்பர். இவ்வாதத்தின் ஒரு பாதி உண்மை. மறு பாதியோ, இயற்கை நேசம் என்ற பெயரில் நிகழும் பொறுப்பின்மை.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இருபருவக் காற்றுகளையும் எதிர்கொள்ளும் இம்மலைகள் 1,906 மீற்றர் வரை உயர்ந்து நிற்கின்றன. காற்றினால் வளர்ச்சி குன்றிய மரங்களும் அவற்றைப் போர்த்திய பாசியும் முகிலை வடித்து நீராக்குகின்றன. மழை பெய்யாத வேளையிலும் காட்டினுள்ளே துளிகள் சொட்டுவது இதனாலேயே. இங்கு ஊறும் நீர் ஹுலு கங்கை, ஹீன் கங்கை முதலியவற்றின் வழியே மகாவலியைச் சேர்கின்றது. இத்தொழிற்பாட்டை நேரிற் காண விரும்புவது குற்றமன்று.

ஆனால் இக்காட்டைக் காக்கவென்று யார் வெளியேற்றப்பட்டனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். பெருமரங்களின் நிழலில், கீழ்நிலைச் செடிகளை அகற்றி ஏலம் பயிரிடப்பட்டு வந்தது. அதனால் மண் அரிக்கப்படுகின்றது, இளமரங்கள் முளைப்பதில்லை என்ற காரணங்களின் பேரில் ஏலச்செய்கை தடைசெய்யப்பட்டது. 2000ஆம் ஆண்டில் இப்பகுதி பேணற்காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஓர் அங்கமாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. காரணம் நியாயமானதே. எனின், நீரில் ஊறிய மண்ணைச் சப்பாத்துகள் சேறாக்கி, ஒற்றையடிப் பாதையை நீரோடும் வாய்க்காலாக மாற்றுவதும் அதே மண்ணரிப்பன்றோ? வயிற்றுப்பாட்டுக்காகப் பயிரிட்டவனுக்கு ஒரு நீதி, பொழுதுபோக்குக்காக நடப்பவனுக்கு வேறொரு நீதியா?

அபாயத்தைத் தாமே ஏற்கின்றனர் என்பது அடுத்த வாதம். இதுவும் பொருந்தாது. மூடுபனியில் வழிதவறியவரைத் தேடி இரவிலும் மழையிலும் மலையேறுவோர் அயற்கிராமத்தவரும் பொலிசாரும் படையினருமே. ஒருவர் தாமாக ஏற்ற அபாயம் இவ்வாறு பலர் தலையில் விழுகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையினால் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. நாடெங்கும் 600இற்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த அழிவின் பின்னரும் மழையை வீரத்தின் உரைகல்லாகக் கொள்வது மனச்சாட்சிக்கு ஒவ்வாதது.

இதனினும் ஆழமான மறதி ஒன்றுண்டு. இம்மலைகளுக்குச் சுமையுடன் நடந்து வந்தோர் இன்றைய பயணிகள் மட்டுமல்லர். 1820களிற் கம்பளைப் பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் எழுந்த காலந்தொட்டு, தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். தலையிலே மூட்டை, இடுப்பிலே குழந்தை. வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் ஏராளம். அவர்கள் கரங்களே காட்டை அழித்துத் தோட்டமாக்கின. தோட்டப் பாதைகளையும் வெட்டின. அவர்தம் வழித்தோன்றல்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்ணுள் புதைந்தவையும் அவர்களின் லயங்களே.

இன்று ஹந்தானையில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைவழி, பழைய தோட்டப் பாதைகள் பலவற்றை இணைத்துச் செல்கின்றது. அதில் நடப்பவர் பனிமூட்டத்தைப் படம்பிடிக்கின்றனர்; அதே பனியில் நனைந்தபடி கொழுந்து பறிக்கும் பெண்ணோ படத்தின் ஓர் அலங்காரமாகின்றாள். மழை பயணிக்கு அனுபவம். அவளுக்கோ அன்றைய நிறை குறைந்தால் வெட்டப்படும் கூலி. இரவில், மேலேயுள்ள மண்மேடு நிற்குமோ என்ற அச்சம்.

பயணிகளாற் கிராமங்களுக்கு வருவாய் கிட்டுகின்றதே என்பர். மீமுரை போன்ற ஊர்களில் உணவும் தங்குமிடமும் வழிகாட்டலும் சிலருக்குப் பிழைப்பாகியிருப்பது மெய்யே. அப்பிழைப்பு நிலைக்க வேண்டுமெனிற் காடும் பாதையும் நிலைக்க வேண்டும். கடும் மழையில் ஒரு குழு மேலும் நடப்பதால் வரும் சிறு வருவாய், சிதைந்த பாதையைச் செப்பனிடப் போதாது.

நடையை அடியோடு ஒழிக்க வேண்டுமென்பதன்று இங்கு வாதம். மண்சரிவு எச்சரிக்கை நிலவும் நாட்களில் மலைப்பாதைகள் மூடப்படல் வேண்டும். ஏனைய நாட்களிலும் உள்ளூர் வழிகாட்டியின்றி எவரும் செல்லலாகாது. அவருக்கு உரிய கூலி பேரமின்றி வழங்கப்படல் வேண்டும். மலையடிவாரத்திலேயே இயங்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவர் இதில் முன்மாதிரியாதல் தகும். மடுல்கலையிலும் ரங்கலையிலும் லயங்களைக் கடந்து செல்வோர், சிகரத்தின் உயரத்தை விசாரிக்குமுன் அந்த லயங்களுக்கு மேலேயுள்ள சரிவு எந்நிலையில் உள்ளதென விசாரிக்கட்டும். மலையை அறிய விரும்புவோர் தொடங்க வேண்டிய இடம் அதுவே.