இடிக்கும் முன் அம்மாவைக் கேட்டீர்களா?

வீரகேரளம்புதூரில் எங்கள் பழைய வீட்டைப் பழுது பார்க்கிறேன். "இடிச்சிட்டு கான்கிரீட்ல கட்டுங்க சார்" என்கிறீர்கள். மாட்டேன்.

பழசு தாங்காதாம்! 1636-இல் எழுந்த மதுரை திருமலை நாயக்கர் மகாலும் செங்கல், சுண்ணாம்புதான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உதிரும். குற்றாலச் சாரல் எட்டும் ஊருக்கு இது தெரிய வேண்டாமா?

வயரிங், கழிப்பறை, ஒழுகும் ஓடு எல்லாம் மாற்றுங்கள். குளியலறையில் கைப்பிடி வையுங்கள். ஆனால் கார் நிறுத்தத் திண்ணையை இடிக்காதீர்கள். தெருவில் போகிறவர்கள் "சாப்பிட்டாச்சா?" என்று அம்மாவைக் கேட்பது அங்கேதான். பொங்கலுக்கு நாலு நாள் வருகிறவர் வசதிக்கு அல்ல, வருடம் முழுக்க இருப்பவருக்குத்தான் வீடு.