நியூட்ரல் போட்டா போதுமா பாஸ்?

மோட்டார்ஹோம் தெரியும்ல மக்களே? பெட்ரூம், கிச்சன், பாத்ரூம்னு மொத்த வீட்டையும் பஸ்ஸுக்குள்ள அடைச்ச வண்டி. அமெரிக்காவுல ரிட்டயர்டு தாத்தா பாட்டிங்க இதுல ஏறி மாசக்கணக்குல ஊர் சுத்துவாங்க. ஆனா, ஒரு பால் கேன் வாங்க வீட்டையே ஓட்டிட்டுப் போக முடியுமா? அதுக்குத்தான் பின்னாடி ஒரு கார். நாலு சக்கரமும் ரோட்டுல உருள, இரும்புக் கம்பியில மாட்டி இழுத்துட்டே போறாங்க.

நியூட்ரல்ல போட்டு இழுக்க வேண்டியதுதானேன்னு தோணும். அங்கதான் ஆப்பு! நியூட்ரல் கழற்றிவிடுவது இன்ஜினை மட்டும்தான்; சக்கரம் கியர்பாக்ஸோடு ஒட்டிக்கிட்டேதான் இருக்கும். சாதாரண ஆட்டோமேட்டிக்ல ஆயில் பம்ப்பை ஓட்டுவதே இன்ஜின். அது ஆஃப்னா ஆயிலும் ஆஃப். உள்ளே ஷாஃப்ட் மட்டும் மணிக்கணக்கா சுத்தினா... கருகிடும். (மழையில நின்ன ஆட்டோமேட்டிக்கைக் கயிறு கட்டி இழுக்கும் நம்ம ஊர் அண்ணன்களே, உங்களுக்கும்தான்!)

மேனுவல் கார்கள் பலதும் தப்பிக்கும். பல்சக்கரங்களே ஆயிலை வாரி இறைச்சுக்கும். 'பல'தான், 'எல்லாம்' இல்ல. ஹோண்டா சிஆர்-வி ஆட்டோமேட்டிக்கா இருந்தும் 2014 மாடல் வரை அங்கே இப்படி இழுக்கலாம். 2015-ல் சிவிடி கியர்பாக்ஸ் வந்தது, அனுமதி போச்சு! பேர் அதேதான். அதனால பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு நம்பக் கூடாது, அந்த வருஷத்து கையேட்டைப் புரட்டணும்.

இவங்களோட செல்லப்பிள்ளை ஜீப் ராங்ளர். இதுல டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி நியூட்ரல் உண்டு. அது கியர்பாக்ஸையே சக்கரத்திலிருந்து பிரிச்சிடும். ஆனா லீவர் தவறி 4-லோவுல நின்னு, முதல் கியரும் விழுந்திருந்தா? 2018 ரூபிகான் மேனுவல்ல சக்கரம் 1 சுத்து சுத்தினா இன்ஜின் 84 சுத்து. 80 கி.மீ. வேகத்துல அந்த 33 இன்ச் டயர் நிமிஷத்துக்குச் சுமார் 500 சுத்து. பெருக்குங்க... 42,000! இன்ஜின் 7,000கூடத் தாங்காது. அந்த வேகம் வர்றதுக்குள்ளேயே சிதறிடும். பெரிய மோட்டார்ஹோம் பத்து டன்னைத் தாண்டும். பின்னாடி ஜீப் திணறுறது முன்னாடி ஓட்டுற தாத்தாவுக்குத் தெரியவே தெரியாது.

அதனாலதான் கிளம்பும் முன்னாடி ஒரு டெஸ்ட். டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரல்ல வெச்சு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவா விடணும். ஜீப் அசையலையா? இன்ஜினை ஆஃப் பண்ணி, கியரை அப்படியே விட்டுட்டுக் கம்பியை மாட்டலாம்.